மாத்திரையில் வைரஸா? செல்போனைக் கேட்டால் தெரியுமா?

வதந்தியைப் பிடிக்க வந்திருக்கும் தேடல் கருவி

இரவு மணி பத்து. எட்டாவது படிக்கும் பையனுக்குக் காய்ச்சல். உடம்பு அனலாய்க் கொதிக்கிறது.

டாக்டர் கொடுத்த பாரசிட்டமால் மாத்திரை வீட்டில் இருக்கிறது. மருமகள் தண்ணீரும் மாத்திரையுமாக வருகிறாள். அந்த நேரம் பார்த்து மாமியாரின் செல்போன் மணி அடிக்கிறது. எடுத்துப் பார்த்த மாமியார் பதறிப் போகிறார்.

"பொறு, பொறு! அந்த மாத்திரையைக் கொடுக்காதே. அதில் வைரஸ் இருக்கிறதாம்!"

"யார் அத்தை சொன்னது?"

"உன் நாத்தனார்தான் வாட்ஸ்-அப்பில் அனுப்பியிருக்கிறாள். எல்லோருக்கும் சொல்லுங்கள், உயிரைக் காப்பாற்றுங்கள் என்று போட்டிருக்கிறது."

கையில் மாத்திரை. கட்டிலில் பையன். கொடுப்பதா, வேண்டாமா?

இந்தக் காட்சி கற்பனை. ஆனால் அந்த வாட்ஸ்-அப் செய்தி கற்பனை அல்ல.

"பி-500 என்று எழுதிய பாரசிட்டமால் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். அது புதிது, வெள்ளை வெளேர் என்று பளபளக்கும். அதில் மச்சுப்போ என்ற கொடிய வைரஸ் இருக்கிறது" என்பது அந்தச் செய்தி. 2017-ம் ஆண்டில் அது மலேசியா, சிங்கப்பூர், இந்தியா என்று நாடு நாடாகச் சுற்றியது. பிறகு அடங்கியது. மறுபடியும் கிளம்பியது. வதந்திக்குச் சாவு கிடையாது போலும்!

இப்படி ஒரு செய்தி வந்தால் மெய்யா பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதற்காகவே செல்போனில் ஒரு கருவி இருக்கிறது. "உண்மை சோதிக்கும் தேடல்" என்று அதைச் சொல்லலாம். கூகுள் கம்பெனி நடத்தும் அந்தப் பக்கத்துக்குப் பெயர், "பேக்ட் செக் எக்ஸ்புளோரர்." காசு கிடையாது. யாரும் பார்க்கலாம்.

அதில் "பாரசிட்டமால் மச்சுப்போ" என்று தேடினால் போதும். தமிழில் ஒன்றும் வராவிட்டால் அதே இரண்டு சொற்களை ஆங்கிலத்தில் போட வேண்டும். "பொய்" என்ற தீர்ப்பு வந்து நிற்கும், காரணமும் இருக்கும். மச்சுப்போ வைரஸ் தென் அமெரிக்காவில் பொலிவியா நாட்டில் கண்டுபிடிக்கப்பட்டது. அது ஒரு வகை எலி மூலம் பரவுவது. வைரஸ் பெருக வேண்டுமானால் உயிருள்ள உடம்பு வேண்டும். காய்ந்த மாத்திரை அதற்கு இடம் அல்ல. சிங்கப்பூரின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையும் 2017-ம் ஆண்டிலேயே இந்தச் செய்தியை மறுத்திருக்கிறது.

ஐந்து நிமிட வேலை. பையனுக்கு மாத்திரை கொடுக்கலாம்.

எல்லாச் செய்திக்கும் இப்படி நடக்குமா? அங்கேதான் சங்கதி இருக்கிறது.

கருவி எப்படி வேலை செய்கிறது?

இந்தக் கருவிக்குச் சொந்த மூளை கிடையாது. இது வைத்தியமும் படிக்கவில்லை. மனிதர்கள் கண்டுபிடித்து எழுதி வைத்ததைத் தேடி எடுத்துக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

உலகம் எங்கும் வதந்திகளைச் சோதிப்பதையே தொழிலாகக் கொண்ட பத்திரிகையாளர்கள் இருக்கிறார்கள். இவர்களுக்கு 2015-ம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு சர்வதேச அமைப்பும் ஏற்பட்டது. நம் நாட்டிலும் பல குழுக்கள் உண்டு. யூ-டர்ன், நியூஸ்செக்கர், பேக்ட் கிரஸண்டோ போன்றவை தமிழிலும் எழுதியிருக்கின்றன.

ஒரு வதந்தி வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இவர்கள் டாக்டர்களைக் கேட்கிறார்கள். ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டுகிறார்கள். படம் இருந்தால் அது எங்கே, எப்போது எடுத்தது என்று பார்க்கிறார்கள். முடிவைக் கட்டுரையாக வெளியிடுகிறார்கள். அந்தக் கட்டுரையோடு ஒரு சிறு சீட்டையும் ஒட்டி விடுகிறார்கள். "சொல்லப்பட்டது என்ன? சொன்னது யார்? தீர்ப்பு என்ன?" என்ற மூன்றும் அந்தச் சீட்டில் இருக்கும். வாசகர் கண்ணுக்கு அது தெரியாது. தேடும் இயந்திரத்துக்குத் தெரியும். இயந்திரம் இந்தச் சீட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கேட்டபோது எடுத்துக் கொடுக்கிறது.

கூகுளின் சாதாரணத் தேடலிலும் ஒரு காலத்தில் இந்தச் சீட்டு தெரிந்தது. 2016-ம் ஆண்டில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கூகுளின் செய்திப் பக்கத்தில் தொடங்கி, 2017 ஏப்ரலில் தேடலிலும் உலகம் முழுவதும் வந்தது. எதையாவது தேடினால், முடிவுகளுக்கு நடுவே "உண்மை சோதனை: பொய்" என்று தானாகக் காட்டும். அதை நிறுத்தப் போவதாக 2025 ஜூனில் கூகுள் அறிவித்து விட்டது. தேடல் பக்கத்தை எளிமை ஆக்குவதாகக் காரணம் சொன்னார்கள். பக்கம் எளிமை ஆயிற்று. படிப்பவருக்கு வேலை கூடிற்று! சோதனை முடிவு வேண்டும் என்றால் தனிப் பக்கத்துக்குப் போய்த் தேட வேண்டியதாயிற்று. அப்படி ஒரு பக்கம் இருக்கிறது என்று எத்தனை மாமியார்களுக்குத் தெரியும்?

பழைய கேடிகளின் படம்

போலீஸ் நிலையங்களில் பழைய கேடிகளின் படங்கள் இருக்கும். பிடிபட்டவன் படம் அதில் இருக்கும். நேற்று இரவு முதல் தடவையாகத் திருடியவன் படம் இருக்குமா? இருக்காது. படம் இல்லை என்பதால் அவன் யோக்கியன் ஆகி விடுவானா?

இந்தக் கருவியும் அப்படித்தான். பழைய வதந்தியை உடனே காட்டிக் கொடுக்கும். இன்று காலையில் பிறந்த வதந்தியை அதற்குத் தெரியாது. சோதிப்பவர் கண்ணில் பட வேண்டும்; டாக்டரைக் கேட்க வேண்டும்; எழுத வேண்டும். அதற்குள் வதந்தி பத்து ஊரைச் சுற்றி வந்து விடும்.

மொழியிலும் தொல்லை உண்டு. ஆங்கிலத்தில் இருக்கும் அளவு தமிழில் சோதனைகள் கிடையாது. மூட்டுவலிக்கு இன்ன இலை, சர்க்கரை நோய்க்கு இன்ன கஷாயம் என்று நம் பக்கத்திலேயே பிறந்து, தமிழிலேயே பரவும் செய்தி ஆயிரம். அவற்றில் பலவற்றை யாரும் சோதித்ததே இல்லை.

ஆகவே, "முடிவு எதுவும் இல்லை" என்று கருவி சொன்னால், "இதை இன்னும் யாரும் பார்க்கவில்லை" என்பதுதான் பொருள். "செல்போனில் பார்த்தேன், தப்பு என்று போடவில்லை, அப்படியானால் சரிதான்" என்று கஷாயத்தை அடுப்பில் ஏற்றி விடக் கூடாது.

தேடியவர்கள் ஏமாந்த கதை

சரி, தனிக் கருவியில் இல்லை. சாதாரணமாகத் தேடிப் பார்த்தால் உண்மை தெரிந்து விடாதா?

அமெரிக்காவில் சில ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். முடிவு 2023 டிசம்பரில் "நேச்சர்" என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வந்தது. படித்தவர்கள் திடுக்கிட்டார்கள்.

ஆட்களுக்குச் செய்திகளைக் கொடுத்தார்கள். சில மெய், சில பொய். ஒரு பகுதியினரை இணையத்தில் தேடிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லச் சொன்னார்கள். மற்றவர்களைத் தேடச் சொல்லவில்லை. தேடியவர்கள் பொய்யைச் சுலபமாகக் கண்டுபிடித்திருப்பார்கள் என்றுதானே தோன்றுகிறது? நடந்தது நேர்மாறு! பொய்ச் செய்தியை மெய் என்று நம்பும் வாய்ப்பு, தேடியவர்களிடம் 19 சதவீதம் அதிகமாக இருந்தது.

ஏன் இப்படி?

ஒரு செய்தியைப் பாருங்கள். கொரோனா ஊரடங்காலும் கட்டாயத் தடுப்பூசியாலும் அமெரிக்காவில் "திட்டமிட்ட பஞ்சம்" வருகிறது என்று ஒரு புரளி. சிலர் "திட்டமிட்ட பஞ்சம்" என்ற அதே சொற்களைப் போட்டுத் தேடினார்கள். அந்தச் சொற்களை யார் பயன்படுத்துவார்கள்? புரளி கிளப்புகிறவர்கள்தான். நல்ல பத்திரிகை எதுவும் அப்படி எழுதாது. ஆகவே தேடினால் புரளிக்காரர்களின் பக்கங்களே வந்து நின்றன. "ஓ, இத்தனை பேர் சொல்கிறார்களே!" என்று தேடியவர் நம்பி விட்டார். வெறுமனே "பஞ்சம்" என்று தேடியவர்களுக்கு அந்தக் குப்பை வரவில்லை.

திருடனைப் பற்றித் திருடன் வீட்டிலேயே போய் விசாரித்த கதை இது.

ஆகவே, வந்த செய்தியை அப்படியே நகல் எடுத்துத் தேடுவது ஆபத்து. "தடுப்பூசியின் பயங்கரம்" என்று தேடினால் பயங்கரம்தான் வரும். நோயின் பெயர், மருந்தின் பெயர், பிறகு "உண்மையா" என்று ஒரு சொல். இவ்வளவு போதும். எழுத வராதவர்கள் ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டு வாயால் சொல்லலாம். தமிழ் அதற்குப் புரியும்.

2017-ல் நம் ஊரில்

இந்தக் கருவிகள் இல்லாத நேரத்தில் ஒரு பெரிய புரளி நம் மாநிலத்தையே கலக்கியது. பல பெற்றோருக்கு நினைவு இருக்கும்.

2017 பிப்ரவரியில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி போடும் இயக்கம் தொடங்கியது. தமிழ்நாடு, கர்நாடகம், புதுச்சேரி, கோவா, லட்சத்தீவு ஆகிய இடங்களில் முதலில் போட்டார்கள். 9 மாதக் குழந்தை முதல் 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் வரை எல்லோருக்கும் ஊசி. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் ஒன்றே முக்கால் கோடிக் குழந்தைகள். பள்ளிக்கூடங்களிலேயே ஏற்பாடு.

ருபெல்லா என்றால் என்ன? குழந்தைக்கு வந்தால் லேசான காய்ச்சல், தடிப்பு, போய் விடும். கர்ப்பிணிக்கு வந்தால்தான் விபரீதம். வயிற்றில் இருக்கும் சிசுவைத் தாக்கும். பிறக்கும் குழந்தைக்குக் கண்ணில் புரை இருக்கலாம். காது கேளாமல் போகலாம். இருதயத்தில் கோளாறு இருக்கலாம். இன்று பள்ளிப் பிள்ளைக்குப் போடும் ஊசி, பின்னால் பிறக்கப் போகும் ஒரு குழந்தையின் கண்ணைக் காப்பாற்றுகிறது.

ஊசி போடும் நேரத்தில் வாட்ஸ்-அப்பில் புரளி கிளம்பியது. "ஊசி ஆபத்தானது, பிள்ளைகளுக்குப் போடாதீர்கள்" என்று பயமுறுத்தும் செய்திகள் வீட்டுக்கு வீடு பறந்தன. பெற்றோர்கள் பயந்தார்கள். பிள்ளைகளுக்கு ஊசி வேண்டாம் என்றார்கள். பிப்ரவரியோடு முடிய வேண்டிய வேலை முடியவில்லை. மார்ச்சுக்கும் நீட்டினார்கள்.

தேடிப் பார்க்கலாம் என்று நினைத்த பெற்றோருக்கு என்ன கிடைத்திருக்கும்? கூகுளின் சோதனைச் சீட்டு உலகம் முழுவதும் வந்தது 2017 ஏப்ரலில். புரளி பரவியது பிப்ரவரியில். வீடு எரிந்து முடிந்த பிறகு தீயணைக்கும் வண்டி வந்த கதை! டாக்டர்களும் சுகாதாரத் துறையினரும் எடுத்துச் சொல்லித்தான் ஊசியைத் தொடர வேண்டியிருந்தது.

இன்றைக்குத் தேடினால் நிறையக் கிடைக்கும். தட்டம்மை ஊசி பற்றிய பழைய பயம் ஒன்றின் கதையே கிடைக்கும். 1998-ம் ஆண்டில் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ வேக்பீல்டு என்ற டாக்டரும் சிலரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசிக்கும் ஆட்டிசம் என்ற மூளை வளர்ச்சிக் குறைபாட்டுக்கும் சம்பந்தம் இருக்கலாம் என்று சந்தேகம் கிளப்பினார்கள். அவர்கள் பார்த்தது 12 குழந்தைகளை மட்டுமே. 2010-ம் ஆண்டில் அந்தக் கட்டுரையைப் பத்திரிகையே வாபஸ் வாங்கியது. அதே ஆண்டில் வேக்பீல்டின் பெயர் டாக்டர்கள் பட்டியலில் இருந்து நீக்கப்பட்டது. டென்மார்க் நாட்டில் 6,57,461 குழந்தைகளின் விவரங்களை ஆராய்ந்தார்கள். ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று 2019-ம் ஆண்டில் முடிவு சொன்னார்கள்.

12 எங்கே, ஆறரை லட்சம் எங்கே! இந்தக் கணக்கைக் கண் முன்னே கொண்டு வந்து வைப்பதுதான் இந்தக் கருவி செய்யும் பெரிய உபகாரம்.

தீர்ப்பை மட்டும் படித்தால் போதாது

தேடியதும் "பொய்", "பாதி உண்மை", "ஆதாரம் இல்லை" என்று பலவிதத் தீர்ப்புகள் வரும். அதோடு நிறுத்தாமல் கட்டுரைக்குள் போய்ப் பார்ப்பது நல்லது.

உதாரணமாக, இருமல் வைத்தியம். "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால், மூச்சை இழுத்து விட்டுப் பலமாக இருமிக்கொண்டே இருங்கள், பிழைத்துக்கொள்ளலாம்" என்று ஒரு செய்தி. இது 1999-ம் ஆண்டிலேயே மின்னஞ்சலில் சுற்றியது. ஓர் அமெரிக்க ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லி வந்தது. அந்த ஆஸ்பத்திரியே மறுத்து விட்டது. ஆனாலும் இன்றுவரை ஓயவில்லை.

இதில் துளி உண்மை உண்டு. ஆஸ்பத்திரியில், இருதயத் துடிப்பைக் காட்டும் கருவி மாட்டியிருக்கும்போது, துடிப்பு திடீரென்று தப்பினால், டாக்டர் நோயாளியை இருமச் சொல்வது உண்டு. சில விநாடிகளுக்கு அது உதவலாம். பக்கத்திலேயே டாக்டர் இருக்கிறார்; இயந்திரம் இருக்கிறது. வீட்டில் தனியாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு அது வைத்தியம் ஆகாது. இருமிக்கொண்டு இருக்கும் நேரத்தில் 108-க்குப் போன் செய்ய வேண்டும்.

தேதியையும் பார்க்க வேண்டும். 2020-ம் ஆண்டின் தொடக்கத்தில், நோய் இல்லாதவர்கள் எல்லோரும் முகக்கவசம் அணிய வேண்டியதில்லை என்றது உலக சுகாதார நிறுவனம். ஜூன் மாதம் அந்த யோசனையை மாற்றிக்கொண்டது. விஷயம் தெரியத் தெரிய வைத்தியம் மாறும். பழைய சோதனைக் கட்டுரையை எடுத்துக்கொண்டு வீட்டில் சண்டை போட்டால் பிரயோசனம் இல்லை.

இன்னொன்றும் இப்போது வந்திருக்கிறது. தேடினால் இயந்திரமே சுருக்கமாகப் பதில் எழுதிக் கொடுக்கிறது. வசதிதான். ஆனால் 2024 மே மாதம் அமெரிக்காவில் கூகுளின் அந்த இயந்திரம், "தினம் ஒரு சிறு கல்லாவது சாப்பிடுங்கள்" என்று ஒருவருக்கு யோசனை சொல்லி விட்டது! ஒரு நகைச்சுவைப் பத்திரிகை கேலியாக எழுதியதை அது நிஜம் என்று எடுத்துக்கொண்டது. கல்லைச் சாப்பிடச் சொன்னால் சிரிக்கலாம். மாத்திரையின் அளவைத் தப்பாகச் சொன்னால்?

தேட நேரம் இல்லாதபோது

"பக்கவாதம் வந்தவருக்கு ஊசியால் பத்து விரல் நுனியிலும் குத்தி ரத்தம் எடுங்கள், சரியாகி விடும்" என்றும் ஒரு செய்தி சுற்றுகிறது. இதுவும் பொய் என்று கருவி சொல்லும். ஆனால் வாய் கோணி, கை தொங்கி, பேச்சுக் குளறும் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கருவியைத் தேடுவது சரியல்ல. ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பலன். ஸ்கேன் எடுக்கவும் நேரம் ஆகும். விரலில் குத்தினாலும் நேரம் போகும். செல்போனில் தேடினாலும் நேரம் போகும். உடனே 108. அதற்கு மேல் யோசனையே வேண்டாம்.

வதந்தியால் உயிர் போகுமா என்று கேட்பவர்கள் ஈரானைப் பார்க்கலாம். 2020-ம் ஆண்டில், சாராயம் குடித்தால் கொரோனா போய் விடும் என்று அங்கே புரளி. பலர் மெதனால் என்ற விஷத்தைக் குடித்தார்கள். சுமார் 800 பேர் இறந்தார்கள். 60 பேருக்கு அடியோடு கண் போயிற்று என்று அந்த ஆண்டே ஒரு மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரை கணக்குக் கொடுத்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பலி கொண்டதும் அதே மெதனால்தான். ஈரானில் குடித்தவர்கள் மருந்து என்று நினைத்துக் குடித்தார்கள்.

அவசரம் இல்லாத சந்தேகத்துக்குத் தமிழ்நாட்டில் 104 என்ற எண் இருக்கிறது. போன் செய்து உடல்நலம் பற்றி யோசனை கேட்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தின் நர்சைக் கேட்கலாம். கருவியில் ஒன்றும் அகப்படாத கஷாயத்துக்கும் இலைக்கும் இவர்கள்தான் வழி.

மாத்திரை கொடுத்த பிறகு

மறுபடியும் அந்த வீட்டுக்கு வருவோம்.

மருமகள் தேடிப் பார்த்தாள். மாமியாருக்குப் படித்துக் காட்டினாள். பையன் மாத்திரையைப் போட்டுக்கொண்டு தூங்கி விட்டான். காய்ச்சல் இறங்கியது.

"இதை உங்கள் பெண்ணுக்கும் அனுப்பி விடட்டுமா, அத்தை?"

"அனுப்பு. ஆனால் நீ சொன்னதாகப் போடாதே. நான் சொன்னதாகப் போடு. இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வாள்."

குடும்பக் குழுவில் அந்தச் சோதனைக் கட்டுரை போயிற்று. நாத்தனாரிடம் இருந்து கைகூப்பும் படம் ஒன்று வந்தது.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே நாத்தனாரிடம் இருந்து இன்னொரு செய்தி: "தனியாக இருக்கும்போது மாரடைப்பு வந்தால், பலமாக இருமுங்கள்."

மாமியார் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இங்கே வா, அம்மா. நேற்றுத் தேடினாயே, அது எந்தப் பக்கம்? எனக்குக் காட்டு."